கருக்கலைப்புக் கணக்கும் கணக்கெடுப்பின் மௌனமும்

'நாளொன்றுக்கு 658.' இலங்கையில் கருக்கலைப்புப் பற்றி நடைபெறும் எந்தக் கருத்தரங்கிலும், எழுதப்படும் எந்தக் கட்டுரையிலும் இவ்விலக்கம் தவறாது இடம்பெற்றுவிடுகின்றது. சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்போரும் இதனையே எடுத்துக்காட்டுகின்றனர். சமூக ஒழுக்கம் சீர்குலைந்துவிட்டது என்று அங்கலாய்ப்போரும் இதனையே எடுத்துக்காட்டுகின்றனர். பத்திரிகையாளர்களாகிய நாமும் இதற்கு விதிவிலக்கல்லர். ஆனால் இவ்விலக்கம் எப்போது, எவரால், எம்முறையில் பெறப்பட்டது என்று கேட்போர் மிகச் சிலரே.

கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லலினி ராஜபக்ஷ, இந்திரலால் டி சில்வா ஆகியோரின் பெயர்களுடன் இம்மதிப்பீடு வழங்கி வருகின்றது. 1990களின் இறுதிக்காலத்துக்கு உரியது. 15 முதல் 49 வயது வரையான 1000 பெண்களுக்கு ஆண்டொன்றில் 45 கருக்கலைப்புகள், 1000 உயிருள்ள பிறப்புகளுக்கு 741 கருக்கலைப்புகள் என்பன அதனோடு இணைந்த ஏனைய இரு இலக்கங்கள். நாளொன்றுக்கு 658 என்பது ஆண்டுக்கு 240,170 ஆகும். இவை பதிவேடுகளைப் பார்த்துக் கூட்டிப் பெறப்பட்ட தொகை அல்ல. மாதிரிக் கணக்கெடுப்பு ஒன்றின் விடைகளிலிருந்து கணித முறையால் பிரித்தெடுக்கப்பட்ட மதிப்பீடு. அவ்வாறு சுற்றுவழியில் செல்ல நேர்ந்தமைக்குக் காரணம், நேர்வழியில் கேட்டால் எவரும் உண்மை சொல்ல மாட்டார்கள் என்பதேயாகும்.

ஏன் சொல்ல மாட்டார்கள் என்பதற்கு முதற்காரணம் சட்டம். 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இன்றும் நடைமுறையில் உள்ளது. தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டாலன்றி, கருச்சிதைவை ஏற்படுத்துவது அதன் 303 ஆம் பிரிவின்கீழ் குற்றமாகும். மூன்று ஆண்டுகள் வரையான சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். வயிற்றில் சிசுவின் அசைவு உணரப்பட்ட பின்னராயின் அது ஏழு ஆண்டுகள் வரை நீளும். தனக்குத்தானே கருச்சிதைவை ஏற்படுத்திக்கொள்ளும் பெண்ணும் இப்பிரிவுக்குள் அடங்குவாள் என்று சட்டமே விளக்கம் தருகின்றது. ஆகவே கணக்கெடுப்புக்கு வரும் உத்தியோகத்தர், 'நீங்கள் எப்போதாவது கருவைக் கலைத்ததுண்டா?' என்று வினவும்போது, அப்பெண்ணின் காதில் விழுவது சுகாதாரம் பற்றிய கேள்வியன்று. குற்ற ஒப்புதல் கோரும் கேள்வியாகவே அது விழுகின்றது. 1935 ஆம் ஆண்டின் புள்ளிவிபரக் கட்டளைச் சட்டம் திரட்டப்படும் தகவல்களுக்கு இரகசியக் காப்பு வழங்குகின்றது. ஆனால் வாசற்படியில் அடையாள அட்டையும் கோப்பும் ஏந்தி நிற்பவரைக் காணும் பெண்ணுக்கு அக்கட்டளைச் சட்டத்தைப் பற்றி எவரும் எடுத்துரைத்ததில்லை.

கண்டி மாவட்டத்தை வைத்து இதனைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 1,375,382 மக்கள் வாழ்ந்த மாவட்டம் இது. எமது புள்ளிவிபரங்கள் வகுக்கும் நகரம், கிராமம், தோட்டம் என்னும் மூன்று துறைகளும் இங்கு அருகருகே அமைந்துள்ளன. கண்டி மாநகர சபையும் கம்பளை, நாவலப்பிட்டி, வத்தேகம, கடுகண்ணாவ ஆகிய நகர சபைகளும் 'நகரம்'. தெல்தோட்டை, புசல்லாவை, ஹந்தானைப் பகுதிகளின் பெருந்தோட்டங்கள் 'தோட்டம்'. எஞ்சிய யாவும் 'கிராமம்'. கடைகள் நெருங்கி நிற்கும் அக்குறணை பிரதேச சபைப் பகுதி என்பதனால் புள்ளிவிபரத்தில் கிராமமாகவே கொள்ளப்படுகின்றது. அக்குறணையில் வாழும் ஒரு குடும்பத்தின் நிலையும் உடுதும்பறையின் ஒதுக்குப்புறக் கிராமத்தவர் நிலையும் ஒரே கூடைக்குள் போடப்படுகின்றன என்பதை 'கிராமியப் பெண்கள்' பற்றிய அட்டவணைகளை வாசிக்கும்போது நினைவிற் கொள்ள வேண்டும்.

இம்மூன்று இடங்களிலும் மௌனத்தின் காரணம் ஒன்றேயாயினும் அதன் வடிவம் வேறு. தோட்டத்து லயன் அறையில் தனிமை என்பதே இல்லை. பக்கத்து அறையில் பேசுவது இந்த அறையில் கேட்கும். கேள்விக்குப் பதில் சொல்லும் பெண்ணின் மாமியார் அடுப்படியிலும் பிள்ளைகள் வாசலிலும் இருப்பர். கூட்டுக் குடும்பமாக வாழும் முஸ்லிம் வீடுகளில் வீடு பெரிதாக இருக்கலாம். ஆயினும் அந்நியர் ஒருவருடன் மருமகள் தனித்திருந்து அரைமணி நேரம் உரையாடுவது இலகுவன்று. நகரத்துப் படித்த பெண்ணோ கேள்வியின் உட்பொருளை மிக நன்றாக விளங்கிக்கொண்டே 'இல்லை' என்பாள்.

இவற்றுக்கு முன்னதாகவே ஒரு பெருங்கூட்டம் கணக்கிலிருந்து விலகிவிடுகின்றது. குடிசன மதிப்பீட்டுப் புள்ளிவிபரத் திணைக்களம் 2016 இல் நடத்திய குடித்தொகை மற்றும் சுகாதாரக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையான, திருமணமான அல்லது ஒருகாலத்தில் திருமணமாகியிருந்த பெண்களே நேர்காணப்பட்டனர். மணமாகாத பெண் இந்நாட்டில் கருத்தரிப்பதில்லை என்பது போன்ற ஏற்பாடு இது. கருக்கலைப்பை நாடுவோரிற் பெரும்பாலானோர் பிள்ளைகளைப் பெற்ற திருமணமான பெண்களே என்று இலங்கையில் நடைபெற்ற ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன என்பது உண்மை. பொதுவாக நினைக்கப்படுவதற்கு இது நேர்மாறானது. எனினும் பொலிஸார், வீட்டார், ஊரார் என்ற மும்முனை அச்சமும் கூடுதலாக உள்ளவர்கள் மணமாகாதோரே. அவர்களிடம் கேள்வியே கேட்கப்படவில்லை.

மொழி தரும் இடர்ப்பாடு தனியானது. தமிழில் 'கரு கலைந்தது' என்றால் தானாக நிகழ்ந்தது. 'கரு கலைத்தது' என்றால் செய்யப்பட்டது. இடையிலே மெல்லினத்துக்கும் வல்லினத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே. 'கருச்சிதைவு' என்ற சொல்லையோ எமது பத்திரிகைகள் இரண்டுக்கும் மாறி மாறிப் பயன்படுத்தி வந்துள்ளன. பேச்சு வழக்கு இதனினும் நுட்பமானது. 'முழுகாமல் இருக்கிறாள்' என்பது கர்ப்பத்தைக் குறிக்கும் பழைய வழக்கு. நாள் தள்ளிப்போனதும் மாதவிடாயை வரவழைப்பதற்கென மருந்து உட்கொள்ளும் பெண், தான் கருவைக் கலைத்ததாக எண்ணுவதேயில்லை. வராத சுகயீனத்தை வரவழைத்ததாகவே எண்ணுகின்றாள். அவளிடம் 'கருக்கலைப்புச் செய்தீர்களா?' என்று கேட்டால் வரும் 'இல்லை' அவளளவில் பொய்யன்று. பங்களாதேஷ் அரசு 'மாதவிடாய் சீராக்கல்' என்ற பெயரில் 1979 முதல் தனது குடும்பத் திட்டமிடல் சேவையில் இதனைச் சேர்த்திருக்கின்றது. கருக்கலைப்பைத் தடைசெய்யும் சட்டம் அங்கு அப்படியே இருக்க, பெயர் மாத்திரம் வேறாகியது.

முஸ்லிம் வாசகர்கள் இன்னொன்றையும் அறிவர். இறைவன் மறைத்துவிட்ட தன் குற்றத்தை மனிதன் தானே வெளிப்படுத்தித் திரியலாகாது என்பது இஸ்லாமிய ஒழுக்கத்தில் வலுவாக இடம்பெற்ற போதனை. பிறருடைய குறையை மறைப்பதும் நற்செயலாகவே போதிக்கப்படுகின்றது. இப்போதனையில் ஊறிய பெண்ணொருத்தி முன்பின் அறியாத உத்தியோகத்தரிடம் வாய்திறவாதிருப்பதைப் 'பொய்த்தகவல்' என்று புள்ளிவிபரவியலாளர் வகைப்படுத்துவது எவ்வளவு பொருத்தம் என்பது சிந்திக்கத்தக்கது. கருவுக்கு உயிர் ஊதப்படும் காலம், 40 நாள், 120 நாள் ஆகியன பற்றி மத்ஹபுகளுக்கிடையிலும் ஒரே மத்ஹபின் அறிஞர்களுக்கிடையிலும் கருத்து வேறுபாடு உண்டு. மக்காவில் கூடிய இஸ்லாமிய பிக்ஹ் சபை 1990 இல் கடுமையான ஊனமுள்ள கருவை 120 நாட்களுக்கு முன் நம்பகமான வைத்தியர் குழுவின் முடிவுடன் அகற்றலாம் என்று தீர்மானித்தது. அவ்விவாதத்துள் நுழைவது இங்கு எமது நோக்கமன்று.

கண்டிப் பகுதியில் இம்மௌனத்துக்கு அண்மைக்கால வரலாறும் சேர்ந்துகொண்டுள்ளது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை உணவகமொன்றில் 'மலட்டு மாத்திரை' கலக்கப்பட்டதாகக் கிளம்பிய வதந்தியை அடுத்து வன்முறை வெடித்தது. அவ்வாறான மாத்திரையொன்று மருத்துவ உலகில் இல்லை. அடுத்த சில நாட்களிலேயே திகன, தெல்தெனிய, அக்குறணைப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு, மார்ச் 6 ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. 2019 இல் குருநாகலில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் மீது இரகசியக் கருத்தடைக் குற்றச்சாட்டு சுமத்தப்பட்டது. அதற்கு ஆதாரம் இல்லையென்றே புலனாய்வாளர்கள் நீதிமன்றத்துக்கு அறிவித்தனர். தோட்டப்புறத்தில் நிரந்தரக் கருத்தடை ஏனைய துறைகளைவிட அதிகமாகக் காணப்படுவதும் நீண்டகாலச் சர்ச்சைக்குரிய விடயம். பெண்ணின் கருப்பை இனத்தொகை அரசியலின் பேசுபொருளாகிவிட்ட ஊரில், 'எத்தனை கரு, எத்தனை பிள்ளை' என்று கேட்டு வருபவர் எத்துணை நற்சான்றுடன் வந்தாலும் ஐயத்துடனேயே நோக்கப்படுவார்.

சட்டம் ஒன்றே இதற்குக் காரணம் என்று முடிவுகட்டுவதும் தவறாகும். இந்தியாவில் 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரையறைகளுடன் கருக்கலைப்பு அனுமதிக்கப்பட்டுள்ளது. அரசின் பதிவுகளில் ஆண்டுக்கு சுமார் 7 இலட்சம் என்ற அளவிலேயே எண்ணிக்கை காட்டப்பட்டு வந்தது. 2015 ஆம் ஆண்டுக்கென ஆய்வாளர்கள் மேற்கொண்ட மதிப்பீடோ 1 கோடியே 56 இலட்சம். மருத்துவ நிலையத்துக்கு வெளியே மாத்திரை மூலம் நிகழ்ந்தவையே அவற்றுள் மிகப் பெரும்பங்கு. அமெரிக்காவில் 2002 இல் நடந்த தேசியக் குடும்பக் கணக்கெடுப்பில், அந்நாட்டில் உண்மையில் நிகழ்ந்த கருக்கலைப்புகளுள் 47 வீதம் மட்டுமே பெண்களால் சொல்லப்பட்டது. அக்காலத்தில் அங்கு அது நாடெங்கும் சட்டபூர்வமானது. கிளினிக்குகளிடமிருந்து பெறப்பட்ட எண்ணிக்கையுடன் ஒப்பிட முடிந்ததனாலேயே இக்குறைபாடு வெளிச்சத்துக்கு வந்தது. வெட்கத்தால் மட்டுமே பாதிக்கு மேல் மறைகின்றதெனில், வெட்கத்துடன் சிறையும் சேர்ந்த இடத்தில் எவ்வளவு மறையும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். எம்மிடம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மறுபக்கப் பதிவேடும் கிடையாது.

இந்நிலையில் பிறந்ததே 'எழுமாற்று விடை முறை'. 1965 இல் ஸ்டான்லி வார்னர் என்ற புள்ளிவிபரவியலாளர் இதனை முன்வைத்தார். 1970 இல் வெளியான வட கரோலினா மாநில ஆய்வொன்றில் கருக்கலைப்பு மதிப்பீட்டுக்கு இது பயன்படுத்தப்பட்டது. இலங்கை ஆய்வாளர்கள் கையாண்டதும் இம்முறையே. அதன் சூட்சுமத்தைக் கற்பனை எடுத்துக்காட்டொன்றால் விளக்கலாம். ஒரு பையில் 7 சிவப்பு மணிகளும் 3 நீல மணிகளும் உள்ளன. பெண் ஒரு மணியை எவருக்கும் காட்டாமல் எடுக்கின்றாள். சிவப்பாயின், 'கடந்த ஓராண்டில் கருக்கலைப்புச் செய்தேனா?' என்ற கேள்விக்கும், நீலமாயின், 'நான் ஜனவரியில் பிறந்தவளா?' என்ற கேள்விக்கும் விடையளிக்க வேண்டும். வாய்திறந்து சொல்வது 'ஆம்' அல்லது 'இல்லை' மட்டுமே. எந்தக் கேள்விக்கு விடை சொன்னாள் என்பது கேட்டவருக்குத் தெரியாது. ஆயிரம் பெண்களிடம் கேட்டதில் 95 பேர் 'ஆம்' என்றனர் எனக் கொள்வோம். ஏறத்தாழ 300 பேருக்கு நீலமணி வந்திருக்கும். அவர்களுள் பன்னிரண்டில் ஒரு பங்கினர், அதாவது 25 பேர், ஜனவரியில் பிறந்தவர்களாக இருப்பர். எஞ்சிய 70 'ஆம்' சிவப்புமணி எடுத்த 700 பேரிடமிருந்து வந்தவை. எனவே நூற்றுக்குப் பத்துப் பேர். எந்தப் பெண்ணின் இரகசியமும் வெளிப்படவில்லை. ஆனால் கூட்டத்தின் உண்மை வெளிப்பட்டுவிட்டது.

இவ்விடத்தில் ஒரு சிறு குறிப்பு. இம்முறையைக் கற்பிக்கும் நூல்கள் சில மணிகளுக்குப் பதிலாகத் தாயக்கட்டையை உருட்டச் சொல்கின்றன. தாயக்கட்டை ஆட்டம் மார்க்கத்தில் தடுக்கப்பட்டதென்று கருதும் வீட்டுக்குள் அதனைக் கொண்டு நுழையும் உத்தியோகத்தர், முதற்கேள்வியைக் கேட்கும் முன்னரே வெளியேற வேண்டியிருக்கும். அக்குறணையிலோ மடவளையிலோ கணக்கெடுக்கத் திட்டமிடுவோர் இதனைக் கொழும்பிலிருந்தே யோசித்து வருவது நன்று.

முறை அழகானது, ஆயினும் பலவீனமற்றதன்று. மேற்கண்ட எடுத்துக்காட்டில் உண்மை விகிதம் 1000 க்கு 45 என்றே வைத்துக்கொள்வோம். அப்போது 56 அல்லது 57 'ஆம்' வரவேண்டும். விளக்கம் புரியாமலோ ஐயத்தாலோ பத்தே பத்துப் பெண்கள் தவறாக 'ஆம்' என்றுவிட்டால் மதிப்பீடு 45 இலிருந்து 59 ஆகத் தாவிவிடும். நம்பாமல் 'இல்லை' என்றுவிட்டால் அதேயளவுக்குச் சரிந்துவிடும். ஆயிரத்தில் பத்துப் பேரின் தடுமாற்றம் நாடளாவிய தொகையாகப் பெருகும்போது பல்லாயிரமாகின்றது. சிங்களத்தில் விளக்கப்பட்டதை அரைகுறையாகப் புரிந்துகொண்ட தமிழ்ப் பெண் எந்தப் பக்கம் தவறுவாள் என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது.

1000 க்கு 45 என்பதன் பொருளையும் சற்றுக் கணித்துப் பார்க்கலாம். 15 முதல் 49 வரையான 35 ஆண்டுகளும் அதே விகிதம் நீடித்தால், சராசரியாக ஒவ்வொரு பெண்ணும் வாழ்நாளில் ஒன்றரைக்குச் சற்று மேற்பட்ட கருக்கலைப்புகளைச் செய்திருக்க வேண்டும். இது நம்பமுடியாததெனத் தள்ளிவிட முடியாது. 2015-2019 காலத்துக்கான உலகச் சராசரி 1000 க்கு 39 என மதிப்பிடப்பட்டுள்ளது. ஆயினும் ஏற்றுக்கொள்வதற்கு முன் ஒருமுறை தயங்கவைக்கும் அளவுதான். எமது தயக்கம் ஆய்வாளர்கள் மீதானதன்று. அவர்கள் தமது முறையை வெளிப்படையாகவே வைத்தனர். முறையை உதிர்த்துவிட்டு இலக்கத்தை மாத்திரம் காவிச் சென்றவர்கள் ஏனையோரே. கால் நூற்றாண்டு கடந்த பின்னும் 'இன்று நாளொன்றுக்கு 658' என்று எழுதப்படுகின்றது. 1990களின் இறுதியில் ஆண்டுக்கு 3 இலட்சத்து 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பிறந்த நாட்டில், 2023 இல் பிறந்தோர் 2 இலட்சத்து 50 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவே. பழைய இலக்கம் மாறாதிருக்கின்றது என்று சொல்பவர், ஒவ்வொரு பிறப்புக்கும் ஏறத்தாழ ஒரு கருக்கலைப்பு நிகழ்கின்றது என்று தம்மை அறியாமலே சொல்கின்றார்.

வீட்டு வாசலில் கிடைக்காத விடை வைத்தியசாலையில் கிடைக்குமா? கண்டி தேசிய வைத்தியசாலைக்கும் பேராதனைப் போதனா வைத்தியசாலைக்கும் நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களிலிருந்தும் நோயாளர் வருகின்றனர். இரகசியம் தேடுவோர் ஊரைவிட்டு விலகிச் செல்வது இயல்பாதலின், கண்டியில் பதிவாவது கண்டியின் கணக்காகாது. இரத்தப்போக்குடன் வரும் பெண் 'விழுந்துவிட்டேன்', 'தண்ணீர்க் குடம் தூக்கினேன்' என்பாள். வைத்தியரும் பல வேளைகளில் அதற்குமேல் துருவுவதில்லை. பொலிஸாரின் வேலை தமக்குரியதன்று என்று அவர் கருதினால் அதனை நாம் குறைகூற மாட்டோம். நோய்களின் சர்வதேசப் பத்தாவது வகைப்படுத்தலில் தானாகச் சிதைந்தவற்றுக்கு ஓ03 என்றும், 'குறிப்பிடப்படாத' கருச்சிதைவுகளுக்கு ஓ06 என்றும் குறியீடுகள் உள்ளன. எமது நாட்டின் உண்மையிற் கணிசமான பகுதி இவ்விரண்டு குறியீடுகளுக்கும் அடியில் உறங்குகின்றது.

வைத்தியசாலைக்கு வரும் சிக்கல்களை எண்ணி, 'இப்படி வருவோர் எத்தனையில் ஒருவர்' என்று துறைசார்ந்தோரிடம் கேட்டுப் பெருக்கும் முறையொன்றும் 1990களில் லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கென உருவாக்கப்பட்டது. மிசோப்ரொஸ்டோல் மாத்திரை கள்ளச்சந்தைக்கு வந்த பின்னர் அப்பெருக்கெண் ஆட்டங்கண்டுவிட்டது. குச்சியும் கம்பியும் கையாளப்பட்ட காலத்தில் வைத்தியசாலைக்கு வந்திருக்கக்கூடிய பலர் இன்று வருவதேயில்லை. பிறப்பு வீதத்திலிருந்து கருத்தடைப் பாவனை, திருமண வயது, தாய்ப்பாலூட்டல் ஆகியவற்றின் பங்கைக் கழித்து எஞ்சுவதைக் கருக்கலைப்பாகக் கொள்ளும் ஜோன் போங்காட்ஸின் 1978 ஆம் ஆண்டு முறையும் உண்டு. கழித்தவற்றின் பிழைகள் யாவும் எஞ்சியதன் தலையிலேயே விழும் என்பது அதன் குறை.

மரணங்கள் மட்டுமே ஓரளவு நம்பிக்கையுடன் எண்ணப்படுகின்றன. இந்நாட்டில் ஒவ்வொரு தாய் மரணமும் அறிவிக்கப்பட்டு, தனித்தனியே விசாரித்து ஆராயப்படுகின்றது. 2010களில் ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 30 முதல் 40 வரையான தாய் மரணங்கள் என்ற, தெற்காசியாவில் பெருமைப்படத்தக்க நிலையை எட்டியமைக்கு இவ்வேற்பாடும் ஒரு காரணம். அவ்வாறான நாட்டில் கிருமி தொற்றிய கருக்கலைப்பு தாய் மரணங்களின் முக்கிய காரணங்களுள் ஒன்றாக நீண்டகாலம் நீடித்து வந்துள்ளமையே இவ்விடயத்தைக் கணக்கு வழக்கு என்று ஒதுக்கிவிட முடியாமற் செய்கின்றது. பாதிக்கப்பட்ட பின் தாமதித்து வருவதும், வந்தபின் உண்மையை மறைப்பதும் உயிரைப் பறிக்கின்றன. சுகாதார அமைச்சு 2015 இல் கருச்சிதைவுக்குப் பிந்திய பராமரிப்புக்கென வழிகாட்டலொன்றை வெளியிட்டது. எப்படிச் சிதைந்தது என்ற விசாரணைக்கு முன் சிகிச்சை என்பது தோட்டத்து லயன் வரை சென்று சேர்ந்திருக்கின்றதா என்பதே கேள்வி.

பாராளுமன்றத்திலும் இவ்விடயம் இரு தடவை வாசல் வரை வந்து திரும்பியிருக்கின்றது. 1995 இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபோது, பாலியல் வல்லுறவு, முறைதகாப் புணர்ச்சி, கருவின் பாரதூரமான ஊனம் ஆகிய சந்தர்ப்பங்களுக்கான வாசகம் கைவிடப்பட்டது. 2017 இல் நீதியரசர் அலுவிஹாரே குழுவின் பரிந்துரையை அடுத்து மீண்டும் எழுந்த முயற்சி, சமயத் தலைவர்களின் எதிர்ப்புடன் ஓய்ந்தது. சட்டம் எவ்வாறிருக்க வேண்டும் என்பதில் எமது வாசகர்களிடையே ஒருமித்த கருத்து இராது. இருக்க வேண்டுமென்று நாம் எதிர்பார்க்கவுமில்லை. ஆனால் இரு தடவையும் இரு தரப்பினரும், தாம் எதனைப் பற்றி எத்தனை பெண்களின் பொருட்டு வாதிடுகின்றனர் என்பதைச் சரிவர அறியாமலே வாதிட்டனர்.

கருத்தடைச் சாதனங்களை எந்தப் பகுதிக்கு எவ்வளவு அனுப்புவது, எந்த வைத்தியசாலையில் எத்தனை கட்டில்களை ஒதுக்குவது என்பதெல்லாம் இந்த அறியாமையின் மீதே தீர்மானிக்கப்படுகின்றன. 2016 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, பிள்ளைப்பேற்றைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ விரும்பியும் கருத்தடை முறை எதனையும் கையாளாத மணமான பெண்கள் நூற்றுக்கு ஏழு, எட்டுப் பேர். அவர்களுள் எத்தனை பேர் பின்னர் மாத்திரைக்காரரைத் தேடிச் சென்றனர் என்பதற்கு அக்கணக்கெடுப்பில் விடையில்லை.

அடுத்து வரும் கணக்கெடுப்பில் செய்யக்கூடியவை பெரிய செலவுக்குரியனவல்ல. இம்மலைநாட்டில் வினாக்கொத்தின் தமிழ் வாசகத்தைப் புள்ளிவிபரவியலாளரோடு ஊரின் மருத்துவமாதுவும் இருந்து எழுத வேண்டும். வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளைப் பதியும் அவருக்கே, எந்தப் பெண் 'கலைந்தது' என்பாள், எவள் 'சுகயீனம் வந்துவிட்டது' என்பாள் என்பது தெரியும். மணமாகாதோரையும் சேர்க்க வேண்டும். தமிழ் பேசும் வீட்டுக்குத் தமிழ் பேசும் பெண் உத்தியோகத்தரே செல்ல வேண்டும். கேள்விக்கு முன்னரே, சொல்லப்படும் எதுவும் பொலிஸாருக்கோ நீதிமன்றத்துக்கோ போகாது என்ற சட்ட ஏற்பாட்டை வாசித்துக் காட்ட வேண்டும். வெளியாகும் இலக்கத்துடன் அதன் கீழெல்லையும் மேலெல்லையும் ஆண்டும் முறையும் அச்சிடப்பட வேண்டும். அவ்வாறு தரப்பட்டால் அவற்றையும் சேர்த்தே பிரசுரிப்பது பத்திரிகைகளாகிய எமது கடமை. 658 என்ற இலக்கத்தை மறுமுறை அச்சிட நேரும்போது அருகிலே '1990களின் இறுதிக்கால மதிப்பீடு' என்ற சொற்களைச் சேர்ப்பதற்கு ஒரு வரிக்கு மேல் இடம் தேவைப்படாது.